குளிக்கப் போன கேஸ் ஷீட்டு

கலியமூர்த்தியின் கால் சுட்டுவிட்டதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய மூக்குதான். செராமிக் எஸ்டேட்டில் கரண்டு கம்பத்துக்கு மாட்டும் பீங்கான் செய்கிற கம்பெனி ஒன்றில் அவர் சூளைக்காரர். வெந்து வெளியே வந்த வண்டியை இழுத்து நிறுத்திவிட்டு, அதன் இரும்புச் சட்டத்தின் மேல் வலது காலை ஊன்றியபடி நின்றிருக்கிறார். "எவன்டா அது டயரு கொளுத்துறவன்?" என்று நாலு திசையும் திரும்பித் திட்டினாராம். கொளுந்துவிட்டு எரிந்தது அவருடைய செருப்பு. பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை அந்தப் பாதத்தில் இருந்த உணர்ச்சியை எப்போதோ வழித்துத் தின்றுவிட்டிருந்தது. மண் குழைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து ஊற்றிய தண்ணீரில் எழும்பிய ஆவி, ஜங்ஷனில் நின்ற ரயில் வரைக்கும் தெரிந்ததாக எஸ்டேட்டில் சொல்கிறார்கள். பாதியைத் தள்ளினாலும் மீதி போதும்.

அவர் மனைவி ஆதிலட்சுமிக்கு வந்த கோபம் காயத்தைவிடப் பெரியது. ஜங்ஷன் ரோட்டில் தெய்வநாயகம் டாக்டரின் முப்பது கட்டில் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். அதில் ஒன்பது வருஷமாக வார்டே அவள் பொறுப்பு. சர்க்கரைக்காரர்களுக்கெல்லாம், "வெறுங்காலோட நடக்காத, தெனம் பாதத்தத் திருப்பிப் பாரு" என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை தகரமாகிவிட்டிருந்தது. பெண்ணாடத்துக் கரும்பு வெட்டுகிறவர்கள் அவளுக்குப் பயந்து செருப்போடுதான் படுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒரு மனுஷர் காலைக் கொண்டுபோய்ச் சூளை வண்டியில் வைத்தால்?

"ஏங்க, ஊராங்க காலையெல்லாம் நான் பாக்குறேன். ஒங்க காலை ஒருத்தரும் பாக்க வாணாமா?"

"பாத்துக்கிட்டுதாண்டி இருந்தேன். வண்டி மேல பத்தரமாத்தான் இருந்துச்சு."

ஆதிலட்சுமி விட்ட பெருமூச்சில் மூன்று கட்டிலுக்கு அப்பால் தொங்கிய காலண்டர் சித்திரையிலிருந்து வைகாசிக்குப் புரண்டது.

தெய்வநாயகம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அவளைத் தனியாக அழைத்தார்.

"சிஸ்டர், ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. இன்னிக்குத் திங்கள். சர்க்கரை முன்னூத்தி நாப்பது. சனிக்கெழமைக்குள்ள இருநூறுக்குக் கீழ எறங்கணும். எறங்கிச்சுன்னா புண்ணச் சுத்தம் பண்ணி, செத்துப்போன வெரல மட்டும் எடுத்துட்டுப் பாதத்தக் காப்பாத்திடலாம். எறங்கலன்னா கணுக்காலோட எடுக்குறதப் பத்தித்தான் யோசிக்கணும்."

"எறக்கிடலாங்க சார்" என்றாள் ஆதிலட்சுமி. அவள் இறக்காத சர்க்கரையா? அந்த ஆஸ்பத்திரியில் அவள் இதுவரை இறக்கிய சர்க்கரையை மூட்டை கட்டினால் பெண்ணாடம் சர்க்கரை ஆலையே ஒரு பருவத்துக்கு ஓடும்.

லீவு எழுதிக் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எழுதிய ஆறாவது லீவு அது. லீவைவிடக் கஷ்டமானது, வார்டுச் சாவியைத் துர்காதேவியிடம் கொடுத்தது.

துர்காதேவி பெண்ணாடத்துக்காரி. அவளும் ஆதிலட்சுமியும் பேசிப் பதினாலு மாதம் ஆயிற்று. காரணம், போன வருஷம் மாசி மகத்தன்றைக்கு லீவு யாருக்கு என்பது. ஊரே தேர் பார்க்கப் போகிற நாளில் துர்காதேவிக்கு டூட்டி போட்டுவிட்டு ஆதிலட்சுமி மணிமுத்தாற்றுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல், "கூட்டம் இந்த வருஷம் ஜாஸ்தி" என்றும் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மூடிய வாய். அதன் பிறகு இருவருக்கும் இடையே போக வேண்டிய சங்கதியெல்லாம் ஆயா முத்தாயி வழியாகத்தான் போனது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "முத்தாயி, அந்தப் பேனாவ எடுக்கச் சொல்லு" என்பார்கள். பேனா நடுவில் கிடக்கும். மாடியில் துடைத்துக்கொண்டிருக்கும் முத்தாயி இறங்கி வந்து அதை எடுத்துக் கொடுப்பாள். இந்த ஒரு வேலையிலேயே அவளுக்கு எட்டு கிலோ இளைத்துவிட்டது.

சாவியும் முத்தாயி வழியாகத்தான் போனது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை பார்ப்பவர்களின் வீட்டு மனுஷர்கள் யாராவது வந்து படுத்தால், 'நம்ம வூட்டு ஆளு' என்பார்கள். நம்ம வூட்டு ஆளுக்கு ஜன்னலோரக் கட்டில். பார்வையாளர் நேரக் கட்டுப்பாடு கிடையாது. மற்ற கட்டில்களில் டூட்டி மாறும்போது 'ஓவர்' கொடுப்பார்கள்: போகிற நர்ஸ் கட்டில் அருகே நின்று என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று சொல்ல, வருகிற நர்ஸ் கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சரி பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். நம்ம வூட்டு ஆளுக்கு அந்தச் சம்பிரதாயமும் கிடையாது. அவங்க வூட்டு ஆளு பக்கத்துலேயே இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள். கலியமூர்த்தி ஏழாம் கட்டிலில் இந்த மரியாதையோடு படுத்திருந்தார்.

மரியாதையின் முதல் தவணை சாப்பாடாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை வளர்மதி நர்ஸ் கேழ்வரகுக் கூழும் சுண்டவற்றலும் கொண்டுவந்தாள். "அண்ணனுக்கு வாய் செத்துப் போயிருக்கும்ல." ராத்திரி டூட்டி முடிந்து போகிற மதிவதனி, அம்மா கொடுத்ததாகச் சேத்தியாத்தோப்புக் கெண்டை மீன் குழம்பை வைத்துவிட்டுப் போனாள். மருந்துக் கடைக்காரர் வீட்டிலிருந்து பச்சை முந்திரிக்கொட்டைப் பொரியல். முத்தாயி மடியில் மறைத்துக் கொண்டுவந்தது மூன்று பலாச்சுளை. "மூணே மூணுதான் சிஸ்டரம்மா, அதுல இன்னா வந்துடப் போவுது?" ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். கலியமூர்த்தியும் யாரிடமும் இன்னொருத்தியைப் பற்றி மூச்சு விடவில்லை. முப்பது வருஷம் சூளையில் சுமை ஏற்றிய மனுஷர், வந்த சுமையை எல்லாம் வரிசையாக உள்ளே ஏற்றினார்.

மரியாதையின் இரண்டாம் தவணை ஊசியாக வந்தது. வருகிறவள் ஒருத்தி, போகிறவள் ஒருத்தி, "அண்ணா, சர்க்கரை எப்படி இருக்குதுன்னு ஒரு தடவ பாத்துடலாமா?" என்று விரலைக் குத்திப் பார்த்தார்கள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் அவர் பத்து விரலும் சல்லடையாகிவிட்டது. அந்தக் கையால் மாவு சலிக்கலாம்.

குத்திப் பார்த்ததை எதிலும் யாரும் எழுதவில்லை. எழுதவும் முடியாது. ஏழாம் கட்டிலின் கேஸ் ஷீட்டு ஆதிலட்சுமியின் கைப்பையில் இருந்தது. மற்றவர்கள் எழுத்து கோழி சீய்த்த மாதிரி இருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை என்று தானே வைத்துக்கொண்டிருந்தாள். அது வெளிச்சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம், அந்தத் தாளில் துர்காதேவியின் கையெழுத்து விழுவதை அவளால் பார்க்க முடியாது என்பது.

புதன் சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தபோது சர்க்கரை முன்னூற்று எழுபத்திரண்டு. கட்டிலுக்கு அடியிலிருந்து ஐந்து தூக்குவாளிகளும் ஒரு பலாக்கொட்டையும் கண்டெடுக்கப்பட்டன.

"இது ஆஸ்பத்திரியா, பந்தலா?" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் பாலக்கரை பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் வரிசையில் நின்றார்கள். "எறக்குங்கன்னா ஏத்துறீங்க! இன்னும் ரெண்டு நாள்தான் இருக்குது. காலைல இன்சுலின் பதினாலு யூனிட்டு. சாப்பாடு வூட்லேர்ந்து மட்டும். வேற எவளாவது ஒரு பருக்கை குடுத்தா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்காததுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"நல்லாருக்குதுடி ஒங்க பாசம்" என்று ஆதிலட்சுமி வளர்மதியையும் முத்தாயியையும் பிடித்துக்கொண்டாள். "ஒருத்திக்கு ஒருத்தி ஒரு வார்த்த கேட்டுக்க மாட்டீங்களா? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?"

முத்தாயி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்குற மாதிரிதான் சிஸ்டரம்மா, நாங்களும் கேட்டுக்குறோம்."

ஆதிலட்சுமிக்கு அது காதில் விழுந்தது. விழாத மாதிரி தலையணை உறையை மாற்றினாள்.

வியாழக்கிழமை விடியலில் அவள் வீட்டுக்குப் போனாள். குளித்துவிட்டு, ராத்திரி ஊறப்போட்டிருந்த துணியை அலசிப் போட்டுவிட்டு, இரண்டு இட்லியும் கொஞ்சம் புதினாச் சட்னியும் எடுத்துக்கொண்டு வருவதற்கு எட்டு மணி ஆகிவிட்டது. எட்டு மணிக்கே வெயில் தாரைக் கிளறிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால் சேலை சீட்டோடு போகும் என்று நின்றுகொண்டே வந்தாள். கைப்பை தோளில் இருந்தது. கைப்பைக்குள் கேஸ் ஷீட்டு. அவளோடு வீட்டுக்குப் போய், அவள் குளிக்கும்வரை அலமாரி மேல் காத்திருந்து, அவளோடே திரும்பி வந்தது.

கலியமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஏங்க, ஊசி போட்டாங்களா?"

"யாருக்குடி தெரியும்?"

"ஒங்களுக்குப் போட்டா ஒங்களுக்குத் தெரியாதா?"

"நாளைக்கு இருவது தடவ குத்துறீங்க. ஒருத்தி ரத்தம் எடுக்க வரா, ஒருத்தி சும்மா பாத்துட்டுப் போலாம்னு குத்துறா. காலைல யாரோ வந்தா, குத்துனா, போனா. அது உள்ள போன ஊசியா வெளிய வந்த ஊசியா, எனக்கு எப்படித் தெரியும்?"

ஆதிலட்சுமி கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தாள். காலை இன்சுலின் என்ற இடம் வெறுமையாக இருந்தது. இருக்காதா? தாள் அவளோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் எரிச்சலில் இருக்கிறவளுக்கு வெறும் இடமே சாட்சியாகிவிடும். 'மணி எட்டாயிடுச்சி. இன்னும் போடல. நான் இல்லன்னா இந்த வார்டு இப்படித்தான்' என்று பல்லைக் கடித்தாள்.

பத்து அடி தூரத்தில், மூன்றாம் கட்டிலில் ஒரு கிழவருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டு துர்காதேவி நின்றிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். போய், "ஏழாம் பெட்டுக்குப் போட்டாச்சா?" என்று மூன்று வார்த்தை கேட்டிருக்கலாம். முத்தாயியை அனுப்பியாவது கேட்டிருக்கலாம். முத்தாயி மாடியில் இருந்தாள். பத்து அடிதான். அந்தப் பத்து அடிக்கு நடுவே மாசி மகத்துத் தேர் குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

ஆதிலட்சுமி நேராக நர்ஸ் அறைக்குப் போனாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள். எட்டேகாலுக்குப் பதினாலு யூனிட்டும் கலியமூர்த்தியின் வயிற்றில் இறங்கிவிட்டது.

"சாப்புடுங்க."

"ரெண்டு இட்லியா? இது எனக்கா, காக்காக்கா?" நேற்றுவரை ராஜாங்கம் நடத்தியவருக்குத் திடீரென்று இரண்டு இட்லி என்றால் மனசு ஒப்பவில்லை. அரை இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, "வாணாம், எடுத்துட்டுப் போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"கோவத்த இட்லி மேல காட்டாதீங்க. அப்புறம் சாப்புடுங்க" என்று மூடி வைத்தாள். அவளுக்கும் அலுத்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே கண்ணை மூடினாள்.

பத்து மணி இருக்கும். துடைக்க வந்த முத்தாயிதான் முதலில் பார்த்தாள்.

"சிஸ்டரம்மா, ஐயாவுக்கு இன்னா இப்படி வேர்க்குது?"

"வெயிலு."

"ஃபேனு ஓடுது சிஸ்டரம்மா. விரிப்பு நனைஞ்சி கெடக்குது."

ஆதிலட்சுமி திரும்பினாள். கலியமூர்த்தியின் முகம் சுடாத மண் பாண்டம் மாதிரி வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை. "மூணாவது வண்டிய இழு... கதவத் தூக்குடா... சூடு போதல, சூடு போதல..." என்று உளறினார். அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

இருபத்திரண்டு வருஷம். இதே வார்டில் இதே வியர்வையை அவள் நூறு பேரிடம் பார்த்திருக்கிறாள். வாசலில் வரும்போதே மோப்பம் பிடித்து, "சர்க்கரை எறங்கிடுச்சி, குளுக்கோஸ எடு" என்று கத்தியிருக்கிறாள். இப்போது கை ஓடவில்லை. வாய் ஓடவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கத்தியது முத்தாயிதான். "துர்காம்மா! ஓடியாங்க!"

துர்காதேவி எப்படி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. கட்டிலருகில் இருந்தாள், அவ்வளவுதான். விரலைக் குத்தினாள். மிஷினில் முப்பத்தாறு என்று வந்தது.

"வளரு, இருவத்தஞ்சு பர்சென்ட்டு குளுக்கோஸு, ரெண்டு குப்பி. முத்தாயி, டாக்டரக் கூப்புடு, அப்பிடியே ஆக்சிஜன உருட்டிக்கிட்டு வா." சொல்லிக்கொண்டே கையில் நரம்பைத் தட்டித் தேடினாள். பிறகு நிமிர்ந்து, பதினாலு மாதத்துக்கு அப்புறம் முதல்முறையாக, நேராக ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா. நீங்க இன்சுலின் போட்டீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதவும் இல்லை.

"போட்டேன். எட்டேகாலுக்கு. பதினாலு."

"மதி ஏழேகாலுக்கே போட்டுட்டா. என்கிட்ட சொல்லிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனா." துர்காதேவி வளர்மதி பக்கம் திரும்பினாள். "வளரு, இருவத்தெட்டு உள்ள இருக்குது. சீக்கிரம்."

ஆதிலட்சுமிக்கு அப்போதுதான் கை வந்தது. ஊசியைப் பிடுங்கப் போனாள். "குடு, அவருக்கு நரம்பு எங்க கெடைக்கும்னு எனக்குத் தெரியும், குடுடி..."

"கைய எடுங்கக்கா." குரல் உயரவில்லை. "ஒங்க கை நடுங்குது. நீங்க தல மாட்டுக்குப் போய் அவரக் கூப்புடுங்க. விடாம கூப்புடுங்க. அது ஒங்களால மட்டுந்தான் முடியும்."

போனாள். "ஏங்க, ஏங்க, இந்தாங்க, இங்க பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். கூப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். துர்காதேவி கை நீட்டுவதற்கு முன்னால் வளர்மதியின் கையில் பஞ்சு இருந்தது. பஞ்சு விலகுவதற்கு முன்னால் பிளாஸ்திரி கிழிந்து தயாராக இருந்தது. வளர்மதி மருந்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னாள், துர்காதேவி திருப்பிச் சொன்னாள், பிறகுதான் ஏற்றினாள். முத்தாயி ஆக்சிஜன் சிலிண்டரைத் தனியாக உருட்டிக்கொண்டு வந்தாள். லாரி ஏற்றுகிற நாலு ஆட்கள் செய்கிற வேலை அது. அடுத்த கட்டில்காரரின் மகள் கேட்காமலேயே ஜன்னலை விரியத் திறந்தாள். யாரும் யாரையும் இடித்துக்கொள்ளவில்லை. இவர்களை இத்தனை நாளும் தான்தான் மேய்த்துக்கொண்டிருந்ததாக ஆதிலட்சுமி நினைத்திருந்தாள்.

ஆறு நிமிஷம். ஆறு நிமிஷத்தில் ஒரு மனுஷி எத்தனை தெய்வத்துக்கு வேண்டிக்கொள்ள முடியுமோ அதற்கு இரண்டு மடங்கு வேண்டிக்கொண்டாள். விருத்தகிரீஸ்வரரிலிருந்து ஆரம்பித்துப் பெயர் தெரியாத எல்லைச்சாமி வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

கலியமூர்த்தி கண்ணைச் சிமிட்டினார். சுற்றி நின்ற தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இத்தினி பேரு நிக்கிறீங்க, யாரு செத்தது?"

முத்தாயி சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் முடித்தாள்.

டாக்டர் வந்து, பார்த்து, இன்னொரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி, மணிக்கு ஒரு தரம் சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகுதான் குரலை எடுத்தார்.

"காலைல டூட்டி யாரு? மதிவதனியா? கூப்புடு அவள!"

சேத்தியாத்தோப்பில் வீடு போய்ச் சேர்ந்திருந்த மதிவதனி, போன் வந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறி, பதினோரு மணிக்கு மேல் திரும்பி வந்தாள். பஸ்ஸில் நாற்பது நிமிஷமும் அழுது, இறங்கும்போது கண் முந்திரிப்பழம் மாதிரி சிவந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

"ஏழேகாலுக்குப் போட்டேன்னு சொல்ற. எங்க எழுதியிருக்கே? எழுதாத ஊசிய நான் எப்படி நம்புறது? நீயே ரெண்டு தடவ போட்டுட்டியா?"

"இல்ல சார்... சத்தியமா சார்... கேஸ் ஷீட்டு இல்ல சார்..."

"இல்லன்னா? றெக்க மொளச்சிப் பறந்து போயிடுச்சா?"

மதிவதனி வாயைத் திறந்து மூடினாள். துர்காதேவி தரையைப் பார்த்தாள். வளர்மதி சுவரைப் பார்த்தாள். ஆதிலட்சுமிக்கு அந்த மௌனம்தான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இவர்கள் அவளைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார்கள்.

கைப்பையைத் திறந்தாள். இட்லித் தூக்குக்கு அடியிலிருந்து கேஸ் ஷீட்டை உருவினாள். ஓரத்தில் புதினாச் சட்னி படிந்திருந்தது.

"இது ஏன் சிஸ்டர் ஒங்க பையில இருக்குது?" டாக்டரின் குரல் பாதியாக இறங்கிவிட்டது.

"நான்தான் சார் வெச்சிருந்தேன். காலைல வூட்டுக்கும் எடுத்துட்டுப் போயிட்டேன். இந்தப் பொண்ணு எங்க எழுதுவா? ரெண்டாவது ஊசி நான் போட்டது. துர்கா அங்கதான் நின்னுச்சி. நான் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருக்கும்."

பேனாவை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, வெறுமையாகக் கிடந்த இடத்தில், இரண்டாம் முறை தவறுதலாகப் போட்டது தான்தான் என்று நேரத்தோடும் அளவோடும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய எழுத்துதான் அந்த ஆஸ்பத்திரியிலேயே அழகு என்பார்கள். அன்றைக்கு அது கோழி சீய்த்த மாதிரி இருந்தது.

டாக்டர் அதை வாங்கிப் படித்தார். "லீவு முடிஞ்சி வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் துர்காதேவி கேஸ் ஷீட்டை வாங்கி, சட்னியைத் துடைத்து, கட்டிலின் கால்மாட்டில் மற்றவர்களுடையதைப் போலவே தொங்கவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது. இந்த நிமிஷத்துலேர்ந்து அண்ணன் நம்ம வூட்டு ஆளு இல்ல. ஏழாம் பெட்டு. அவ்வளவுதான். நீங்க பன்னெண்டு மணிக்கு வாங்க, சாயங்காலம் அஞ்சுக்கு வாங்க. மத்த நேரம் வெளிய இருங்க."

"என்னையே வெளிய போங்குறியா?"

"ஆமாங்கக்கா."

இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களைத் துரத்திய கதவு, ஆதிலட்சுமிக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

வராந்தாவில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தன. மூன்றில் கால் கிடையாது என்று சொன்னால் மிகைதான். ஒன்றில் மட்டும் கிடையாது. வெள்ளிக்கிழமை முழுக்க ஆதிலட்சுமி மீதியில் ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருக்கிறவர்கள் இவ்வளவு அவஸ்தைப்படுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. உள்ளே ஒரு டப்பா விழுந்தால் நெஞ்சு எகிறியது. யாராவது வேகமாக நடந்தால் எழுந்து நின்றாள். ஒருவரும் வெளியே வந்து ஒன்றும் சொல்லாவிட்டால் எரிச்சல். வந்து வேறு யாரிடமோ சொல்லிவிட்டுப் போனால் அதைவிட எரிச்சல். தண்ணீர் கேன் காலியாக இருந்தது எரிச்சல். மேலே சுற்றிய ஃபேன், காற்றை அவளைத் தவிர ஊரில் இருக்கிற எல்லோருக்கும் அனுப்பியது.

மத்தியானம் டூட்டி மாறும் நேரம். ஜன்னல் வழியே ஏழாம் கட்டிலில் நடக்கும் பேச்சு கேட்டது. நம்ம வூட்டு ஆளாக இருந்தவருக்கு முதல்தடவையாக ஓவர் கொடுக்கிறார்கள்.

"ஏழாம் பெட்டு, கலியமூர்த்தி, அம்பத்தி நாலு வயசு. காலைல சர்க்கரை நூத்தித் தொண்ணூத்தி எட்டு. ரெண்டு இட்லி முழுசா சாப்ட்டாரு, நான் நின்னு பாத்தேன்" என்றாள் வளர்மதி. "மத்தியானத்துக்கு இன்சுலின் எட்டு யூனிட்டு."

ஆதிலட்சுமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். எட்டா? நேற்று அவ்வளவு இறங்கினதுக்கு எட்டா? காலையில் டாக்டர் வெளியே வரும்போது ஆறு என்று சொல்லிக்கொண்டே போனது அவள் காதில் விழுந்திருந்தது. வாயைத் திறந்தாள்.

"இருங்கக்கா" என்றாள் உள்ளே மதிவதனி. சின்னக் குரல், ஆனால் கெட்டியாக இருந்தது. "ஷீட்டுல ஆறுன்னு மாத்தியிருக்காருக்கா. பத்து மணிக்கு மாத்தியிருக்காரு. இதோ பாருங்க."

"அய்யோ, ஆமா. ஆறு. நான் பழச சொல்லிட்டேன். ஆறுதான். போடு கையெழுத்து."

"அப்பாடா, நீங்களாவது ஒருத்திக்கு ஒருத்தி பேசிக்கிறீங்களே" என்று கலியமூர்த்தியின் குரல் வந்தது. "எங்க சூளையிலகூட கதவத் தூக்குறதுக்கு முன்னாடி நாலு பேரும் கத்துவோம்."

ஆதிலட்சுமி பாதி எழுந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கொட்டாவி விட்டு மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை சர்க்கரை நூற்று அறுபத்தொன்று. ஒன்பது மணிக்குக் கலியமூர்த்தியை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "செருப்ப வாங்கி வெய்யி" என்றார். எத்தனை செருப்பு என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தியேட்டர் வாசலில் திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு குடும்பமும் அவளும். அவர்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பை. அவள் ஒருத்தி. யூனிபாரம் இல்லாமல் அந்த வாசலில் நின்றதால் யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. "ஒங்களுக்கு யாரும்மா உள்ள?" என்று அந்தக் குடும்பத்துப் பெண் கேட்டாள். "வூட்டுக்காரரு" என்றாள். "பயப்படாதீங்க, இங்க நர்சுங்க நல்லாப் பாத்துக்கறாங்க" என்றாள் அந்தப் பெண்.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. பச்சை உடுப்பில் துர்காதேவி. முகமூடியைக் கீழே இறக்கி, கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"ஏழாம் பெட்டு கலியமூர்த்தி. கூட யாரு வந்திருக்கீங்க?"

ஆதிலட்சுமி கையைத் தூக்கினாள். "நாங்க."

துர்காதேவி கிட்டே வந்தாள். எல்லோருக்கும் சொல்கிற மாதிரி, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஆபரேஷன் முடிஞ்சிடுச்சிங்க. ரெண்டு வெரலு எடுத்திருக்குது. கட்டை வெரலு தப்பிச்சிது. பாதம் அப்படியே இருக்குது. உள்ள சீழு இல்ல, டாக்டரு நல்லாச் சுத்தம் பண்ணிட்டாரு. ஒரு மணி நேரத்துல வார்டுக்குக் கொண்டாந்துருவோம்."

எல்லாம் ஆதிலட்சுமிக்குப் புரிந்தது. புரிந்தும் வாய் தன் பாட்டுக்குக் கேட்டது.

"நடப்பாராம்மா?"

இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசலில் ஒவ்வொருத்தரும் கேட்ட கேள்வி அது. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுர்ரென்று ஏறும். "இவ்ளோ நேரம் சொன்னது எந்தக் காதுல வாங்குனீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"நடப்பாருக்கா" என்றாள் துர்காதேவி. "கொஞ்ச நாளு ஆவும். ஆனா நடப்பாரு. நீங்க உக்காருங்க. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்டீங்க. தண்ணியாவது குடிங்க."

வாசல் ஜன்னலில் வைத்திருந்த தன் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஆதிலட்சுமி உட்கார்ந்து குடித்தாள். ஜன்னல் வெயிலில் கிடந்த தண்ணீர். டீத்தூள் போட்டிருந்தால் டீயாகியிருக்கும். அதைப் பற்றிக்கூட அவள் யாரிடமும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.